திலகவதியாரின் துடைப்பம்

பலா மரம் வேரோடு சாயும் சத்தம் எப்படி இருக்கும் என்று 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில்தான் எனக்குத் தெரிந்தது. முதலில் மண் கிழிகிறது. பழைய கோணிச்சாக்கை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து இழுத்தால் வருமே, அப்படி ஒரு நீண்ட சத்தம். பிறகு ஒரு நொடி எதுவும் கேட்பதில்லை. அந்த நொடியில்தான் பயம் அடிவயிற்றிலிருந்து தொண்டைவரை ஏறுகிறது. அப்புறம் தரை அதிர்கிறது.

தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த இரவு அது. எங்கள் ஊர் பண்ருட்டிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி இருக்கிறது. புயல் என்றால் அது கடலோரக் குப்பங்களுக்கு வருவது. நமக்கு மழைதான் வரும் என்று நினைத்துப் படுத்துவிட்டோம். நடுச்சாமத்துக்குப் பிறகு காற்றின் குரல் மாறியது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. அப்பா வாசற்கதவுக்குத் தோள்கொடுத்து நின்றார். அம்மா சாமிமாடத்தின் கீழே தங்கையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்சாரம் எப்போதோ போயிருந்தது. இருட்டில் அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. விழுகிற திசையை வைத்தே எந்த மரம் என்று அவருக்குத் தெரிந்தது.

“அது கெணத்து மேட்டு மரம்.”

கொஞ்ச நேரம் கழித்து, “அது தாத்தா வச்சது.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மரங்கள் விழுந்துகொண்டே இருந்தன.

கடவுளே என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. ஆனால் அந்த இரவில் என்னிடம் இருந்தது நம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது வெறும் பயம். கூரை போகக்கூடாது, சுவர் விழக்கூடாது, எங்களில் யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது என்ற கெஞ்சல். இறைவனை நம்புவது என்றால் என்ன என்று அன்றிரவு யாராவது கேட்டிருந்தால், நம்மைக் காப்பாற்றுவார் என்று உறுதியாக நினைப்பது என்று சொல்லியிருப்பேன். அந்த உறுதி எனக்குள் இல்லை என்பதும் அதே இரவில் எனக்குத் தெரிந்துபோனது.

விடிந்தபோது மழை விட்டிருக்கவில்லை. காற்று அடங்கிய பிறகு தோப்புப் பக்கம் போனோம். பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கத்து மனிதருக்குப் பலாவும் முந்திரியும் வெறும் மரங்கள் அல்ல. பிள்ளைகளின் படிப்பும், பெண்ணின் கல்யாணமும், வாங்கிய கடனின் வட்டியும் அந்தக் கிளைகளில்தான் தொங்கும். அன்றைக்கு எங்கு பார்த்தாலும் வேர்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. மரம் நின்ற இடங்களில் குழிகள். குழிகளில் செம்மண் தண்ணீர். அப்பா ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு நடந்தார். எதையும் தொடவில்லை. சாவு வீட்டுக்குள் நுழைந்தவர்போல மேல்துண்டைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

திரும்பி வந்தபோது அம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

வாசல் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. உடைந்த ஓடும், முருங்கைக் கிளைகளும், எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு கீற்றுத் தட்டியும், முழங்கால் உயரத்துக்கு இலைக்குப்பையும். தலைக்கு மேல் பாதிக் கூரை இல்லை. உள்ளே அரிசி நனைந்து கிடந்தது. அவளோ தென்னந்துடைப்பத்தின் அடியைக் கையில் தட்டித் தட்டிச் சமமாக்கிக்கொண்டு, ஈரக் குப்பையை ஓரம் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது.

“ஊரே போயிடுச்சு. இப்ப எதுக்கும்மா இது?”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “விடிஞ்சிருச்சு இல்ல, தம்பி” என்றாள்.

இரண்டு முழ அகலத்துக்குத் தரை தெரிந்ததும் தண்ணீர் தெளித்தாள். கோலமாவு டப்பா நனைந்திருந்தது. கட்டியாகிப்போன மாவை உள்ளங்கையில் உதிர்த்து நான்கு புள்ளி வைத்துச் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். பத்து நிமிடத்தில் தூறலில் அது கரைந்துபோனது. அன்று எனக்கு அது புரியவில்லை. புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது.

*

எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தொலைவில் திருவதிகை இருக்கிறது. கெடிலம் ஆற்றங்கரையில் வீரட்டானேசுவரர் கோயில். சிவன் முப்புரம் எரித்த தலம் என்று போற்றப்படுவது; அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. இன்னொரு பக்கம் போனால் திருவாமூர். அப்பர் பிறந்த ஊர். கெடிலத்தின் போக்கிலேயே கிழக்கே போனால் கடலூர். அங்கே திருப்பாதிரிப்புலியூர், அதை ஒட்டி வண்டிப்பாளையம். அந்த இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்று பெயர். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு கரை சேர்ந்த இடம் அது. இன்றைக்கும் சித்திரையில் அங்கே அப்பர் கரையேறிய விழா நடக்கிறது.

பெரியபுராணத்தின் இந்தப் பகுதி பெரும்பாலும் எங்கள் ஒரே மாவட்டத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். கேட்டபோதெல்லாம் மனசில் நின்றது கடல்தான். சைவத்துக்குத் திரும்பிய அப்பரை அரசன் ஆணையில் நீற்றறைக்குள் ஏழு நாள் அடைத்தார்கள், வேகவில்லை. நஞ்சு கொடுத்தார்கள், சாகவில்லை. யானையை ஏவினார்கள், அது வலம் வந்து வணங்கிப் போனது. கடைசியில் கல்லைக் கட்டிக் கடலில் போட்டார்கள், கல் மிதந்தது. பயமும் நம்பிக்கையும் என்று பேச்சு வந்தால் மேடையில் ஏறுகிற எவரும் கடைசியில் வந்து சேர்கிற இடம் இந்தக் கல். நம்பினால் கல்லும் மிதக்கும் என்பார்கள். கேட்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் இந்த மாவட்டத்துக்காரன் ஒருவன் அந்த வாக்கியத்தோடு நிம்மதியாகத் தூங்கப் போய்விட முடியாது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் மற்றக் குப்பங்களிலும் கடல் உள்ளே வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதில் பெரும்பங்கு பெண்களும் குழந்தைகளும். கரையேறவிட்ட குப்பத்திலிருந்து சில கிலோமீட்டரில் அந்தக் கடல் இருக்கிறது. கல்லை மிதக்கவிட்ட அதே கடல். அந்தத் தாய்மார்கள் கடவுளைக் கூப்பிடவில்லையா? ஒவ்வொரு நாளும் கட்டுமரத்தைக் கும்பிட்டுத் தள்ளிவிடுகிற வீடுகளில் நம்பிக்கை குறைவாக இருந்ததா? அப்படி ஒருவர் சொல்வாரானால் அவர் பக்தியைப் பேசவில்லை. செத்தவர்களை இன்னொரு முறை அடிக்கிறார். நம்பினால் பிழைப்பாய் என்ற கணக்கு பிழைத்தவர்களுக்கு மட்டும் சரியாக வரும் கணக்கு.

அப்படியானால் எதை நம்புவது? எதற்கு நம்புவது? இந்தக் கேள்வி எனக்குள் பல வருடம் முள்ளாகக் கிடந்தது. பதில் அதே பெரியபுராணத்தில், கடலுக்கு வெகு முன்னால், நான் வேகமாகத் தாண்டிப்போன பக்கங்களில் இருந்தது.

*

அப்பருக்கு ஓர் அக்கா. திலகவதியார்.

சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில், அப்பர் வாழ்ந்து ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியது பெரியபுராணம். அது சைவர்களின் பார்வையில் எழுதப்பட்ட நூல். சமணரைப் பற்றி அது சொல்வதை வைத்துக்கொண்டு இன்றைக்கு யாரையும் வெறுக்க வேண்டியதில்லை. நான் அதில் தேடுவது ஒரு பெண்ணின் வாழ்க்கையை.

அவளுக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரை நிச்சயம் செய்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவர் மன்னன் ஆணையில் போருக்குப் போகிறார். அவர் போயிருக்கும்போது தந்தை புகழனார் நோயில் இறக்கிறார். தாய் மாதினியாரும் கணவரைத் தொடர்ந்து போய்விடுகிறார். பெரியவர்கள் இல்லாத வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும். அந்தத் துக்கம் ஆறும் முன்பே போர்க்களத்திலிருந்து செய்தி வருகிறது, கலிப்பகையார் இறந்தார் என்று. நிச்சயித்தபோதே நான் அவருக்கு உரியவள் என்று எண்ணி அவள் உயிரை விடத் துணிகிறாள். தம்பி காலில் விழுந்து அழுகிறான். நீ போனால் உனக்கு முன்னால் நான் போவேன் என்கிறான். தம்பிக்காக அவள் உயிரைத் தாங்கிக்கொண்டு இருக்கிறாள்.

இதைப் படித்தபோதுதான் எனக்குள் எதுவோ நின்று திரும்பிப் பார்த்தது. கல்லை மிதக்கவிட்ட அதே புராணத்தில் கலிப்பகையார் திரும்பி வரவில்லை. யாரும் அவரை உயிர்ப்பிக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் திரும்பி வரவில்லை. சேக்கிழார் நினைத்திருந்தால் வேறு விதமாக ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இழந்தது இழந்ததாகவே இருக்க, அதற்கு நடுவில் ஒருத்தி இருக்கிறாள். அதைத்தான் அவர் சொல்கிறார்.

எந்தத் தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டாளோ அந்தத் தம்பியும் பிறகு அவளை விட்டுப் போகிறான். அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தலும் வைத்துக்கொண்டிருந்த தம்பி மருணீக்கியார், நிலையாமையை எண்ணி எண்ணிச் சமணப் பள்ளிக்குப் போய்த் தருமசேனர் என்ற பெரும் பெயரோடு இருந்துவிடுகிறார். அக்காவின் கையில் இப்போது எதுவும் மிச்சமில்லை. அவள் திருவாமூரை விட்டுத் திருவதிகைக்கு வருகிறாள். வந்து என்ன செய்கிறாள்? விடிவதற்கு முன் எழுந்து கோயில் முற்றத்தைப் பெருக்குகிறாள். சாணம் தெளித்து மெழுகுகிறாள். பூப்பறித்து மாலை கட்டுகிறாள். தம்பியை மீட்டுத் தரவேண்டும் என்று நெடுநாள் வேண்டுகிறாள். நாளைக்கும் அதே முற்றம், அதே சாணம், அதே வேண்டுதல்.

இந்த நெடுநாளைத்தான் நாம் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் எத்தனை விடியற்காலைகள் இருந்திருக்கும்! பதில் வராத எத்தனை நாட்கள்! பெருக்கிக்கொண்டிருக்கும்போதே, இதெல்லாம் எதற்கு என்று எத்தனை முறை தோன்றியிருக்கும்! கடவுள் கேட்கிறார் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லாத நாட்களில் கையிலிருந்த துடைப்பத்தை அவள் கீழே போடவில்லை. நம்பக் கற்றுக்கொள்வது என்பது அங்கேதான் நடந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கடலில் நடந்தது அதன் விளைச்சல். உழவு நடந்த இடம் இந்த முற்றம்.

*

பயம் இருந்தால் நம்பிக்கை இல்லை என்று நாமாகவே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த விதியால் பயந்தவர் இரண்டு மடங்கு வதைபடுகிறார். பயம் ஒரு பக்கம் வாட்டுகிறது. எனக்குப் பக்தி போதவில்லையோ என்ற குற்ற உணர்ச்சி இன்னொரு பக்கம் அரிக்கிறது.

கோயிலில் நடராசரின் கைகளைப் பாருங்கள். முன்வலக்கை விரித்து உயர்த்தியிருக்கும். அஞ்சாதே என்று சொல்லும் கை அது. அம்மன் சன்னிதியிலும் அதே கை உண்டு, முருகனிடமும் உண்டு, பெருமாளிடமும் உண்டு. இத்தனை நூற்றாண்டாகச் சிற்பிகள் கல்லிலும் செம்பிலும் அந்தக் கையைச் செய்துகொண்டே இருந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான். எதிரே வந்து நிற்பவன் பயந்துதான் வருவான் என்று அவர்களுக்குத் தெரியும். பயமே இல்லாதவன் முன்னால் அந்தக் கைக்கு வேலையில்லை. பயத்தோடு வருவதற்கு நமக்கு அனுமதி உண்டு என்பதை அந்தக் கைதான் சொல்கிறது.

அப்பரையே எடுத்துக்கொள்ளலாம். யானை வந்தபோது தமக்கு அஞ்ச எதுவும் இல்லை என்று பாடியவர் அவர். நாம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவர் முதலில் பாடிய பதிகம் அது அல்ல. நான்காம் திருமுறையைத் திறந்தால் முதலில் நிற்பது, திருவதிகையில், சூலைநோயின் வலியில் அவர் பாடியது. குடல் முறுக்கிக்கொள்ளும் வலியை மறைக்காமல் சொல்லி, தாங்க முடியவில்லை என்று இறைவனிடம் முறையிடும் பாட்டு. சூலை வந்தபோது அவர் மந்திரங்களைத் தேடினார். எதுவும் உதவாதபோது அக்காவை நினைத்தார். ஆளனுப்பினார். சமணப் பள்ளிக்கு நான் வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். இரவோடு இரவாகத் தானே நடந்து வந்து அவள் காலில் விழுந்தார்.

அந்த இரவு முடிகிற நேரத்தைச் சேக்கிழார் சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அவள் தம்பிக்குத் திருநீறு கொடுக்கிறாள். விடியப்போகிறது. அவள் கோயில் பணிக்குக் கிளம்புகிற நேரம். துடைப்பத்தையும் மெழுகச் சாணத்தையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு போகிறாள். பல ஆண்டு வேண்டியது கிடைத்த காலையிலும் பெருக்குவதை அவள் விட்டுவிடவில்லை. தம்பி தமிழின் மிகப் பெரிய பாடல்களைப் பாடத் தொடங்கிய அந்த வேளையிலும் அக்காவின் கையில் துடைப்பம்.

பின்னாளில் அப்பர் கையில் என்ன இருந்தது? உழவாரம். புல் செதுக்கும் கருவி. கடலிலிருந்து கரையேறிய மனிதர், அரசனே மனம் மாறிய பிறகும், அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார். எந்தக் கோயிலில் அப்பர் சிலையைப் பார்த்தாலும் அந்த உழவாரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வோம். அந்த வேலையை அவர் யாரிடம் கற்றுக்கொண்டார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா பெருக்கிய முற்றத்தில் கற்றுக்கொண்டார்.

*

2021 மே மாதம் அப்பாவுக்குக் கொரோனா வந்தது.

விரலில் மாட்டும் கருவியில் எண் 94-லிருந்து 91-க்கு இறங்கியபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே விடமாட்டார்கள். வெளியே வேப்ப மரத்தடியில் என்னைப்போல நிறையப் பேர். கையில் போன். ஒவ்வொருவரும் ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தோம். 88. 90. 86. அந்த எண் ஏறினால் கடவுள் இருந்தார், இறங்கினால் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அப்படித்தான் இருந்தது. மனசில் தெரிந்த பதிகம் எதுவும் நாக்கில் வரவில்லை. பேரம்தான் வந்தது. பிழைக்க வையுங்கள், மொட்டை போடுகிறேன். பிழைக்க வையுங்கள், நடந்தே வருகிறேன். வேண்டுதல் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். குழந்தை அழுதுகொண்டே கொடுக்கும் வாக்கையெல்லாம் யார் குறை சொல்வார்கள்? அது கடவுளிடம் பேசத் தொடங்கும் முதல் மொழி. ஆனால் அந்த மொழியில் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் கிடைக்காத அன்றைக்குப் பேச்சு நின்றுபோகும்.

நான்காம் நாள் சாயங்காலம் அப்பா போன் செய்தார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். தன் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“காய் நிக்குதா, தம்பி?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புயலுக்குப் பிறகு, 2012 மழைக்காலத்தில், தாத்தா வைத்த மரம் நின்ற அதே குழியை மூடி அவர் ஒரு பலாக்கன்று வைத்தார். பலாக்கொட்டையிலிருந்து முளைத்த கன்று. அப்போது அவருக்கு வயது 58. இது காய்க்க எட்டு, பத்து வருடம் ஆகுமேப்பா என்று நான் சொன்னேன். ஆகட்டும் என்றார். அந்த மரம் 2021-இல்தான் முதல் காய் வைத்தது. பிஞ்சில் நிறைய உதிர்ந்துபோய் அடிமரத்தில் ஒரே ஒரு காய் நின்றது.

“நிக்குதுப்பா” என்றேன்.

“சரி” என்றார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார். வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவர் இறந்தார்.

அந்த வாரங்களைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆள் இல்லை. அந்த மாதம் எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான். நான் கடவுளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். கோபம்கூட இல்லை, போன் அடித்து யாரும் எடுக்காவிட்டால் நாமே வைத்துவிடுவோமே, அதுபோல.

ஜூனில் அந்தக் காய் பழுத்தது. வாசனை கிணற்றுமேடுவரை வந்தது. முதல் பழம் சாமிக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் அப்போது ஊரடங்கு. தமிழ்நாடு முழுக்கக் கோயில்கள் மூடியிருந்தன, ஜூலையில்தான் திறந்தார்கள். திருவதிகையும் மூடித்தான் கிடந்தது. அம்மா என்ன செய்வாள் என்று பார்த்தேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுத்தாள். சுளைகளை எடுத்து ஒரு வாழையிலையில் வைத்துச் சாமிமாடத்தின் முன் கொஞ்ச நேரம் வைத்தாள். பக்கத்தில் அப்பாவின் படம், மாலை வாடாமல் இருந்தது. பிறகு ஒரு தூக்கில் எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய்த் திண்ணையில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தாள். “அவரு வச்ச மரம். சாப்புடுங்க.”

மறுநாள் விடியற்காலை துடைப்பச் சத்தத்தில் எனக்கு விழிப்பு வந்தது. அப்பா இறந்த நாளிலிருந்து ஒருநாள்கூட அந்தச் சத்தம் நிற்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்தேன்.

“அம்மா, உனக்குச் சாமி மேல வருத்தம் இல்லையா?” என்று கேட்டேன்.

அவள் துடைப்பத்தைத் தட்டிச் சமமாக்கினாள். “இருக்குது” என்றாள். “அவருகிட்டதான சொல்ல முடியும்?”

புயலன்று எனக்குப் புரியாதது அப்போது புரிந்தது. அம்மா எதையும் உறுதியாக நம்பிக்கொண்டு அந்த வாசலைப் பெருக்கவில்லை. கூரை திரும்ப வரும் என்றோ, மரங்கள் திரும்ப வரும் என்றோ, அப்பா பிழைப்பார் என்றோ யாரும் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லை. வருத்தம் இருந்தது, பயம் இருந்தது, அதைச் சொல்ல ஓர் இடமும் இருந்தது. அந்த இடத்தை அவள் ஒவ்வொரு காலையிலும் சுத்தம் செய்து வைத்துக்கொண்டாள். அப்பா 58 வயதில் கொட்டைக் கன்று வைத்ததும் அதே வேலைதான். தனக்குக் கிடைக்குமா என்று கேட்காமல் ஒரு குழியை மூடி, மேலே ஒரு செடியை நிறுத்திவிட்டுப் போனார்.

கடவுளை நம்புவது என்றால் நாளைக்கு என்ன நடக்கும் என்று அறிந்துகொள்வது என நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நாளைக்கு என்ன நடந்தாலும் அதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று அறிந்திருப்பதுதான் நம்புவது. அந்த உறவு ஒரே இரவில் வராது. புயல் அடிக்கும் இரவில் புதிதாகத் தொடங்க முனைந்தால் என்னைப்போலப் பேரத்தில்தான் போய் நிற்கும், அதுவும் தொடக்கம்தான். ஆனால் அது வேர் பிடிப்பது ஒன்றுமே நடக்காத சாதாரண விடியற்காலைகளில்.

*

இப்போது நான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவதிகைக்குப் போகிறேன். உழவாரப் பணிக்கு வருகிறவர்களோடு சேர்ந்து பிராகாரத்தில் புல் செதுக்குகிறேன். அங்கே திலகவதியாருக்கும் ஒரு சன்னிதி உண்டு. பெரும்பாலும் கூட்டம் இருக்காது. செதுக்கி முடித்துக் கை கழுவிவிட்டு அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். கேட்பதற்கு இருந்தால் கேட்பேன். பயம் இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்வேன். பதில் கேட்டதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது நெஞ்சில் பாரம் அப்படியே இருக்கும் நாளும் உண்டு. ஆனாலும் தனியாகச் சுமக்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது.

இதைப் பயந்திருக்கும் ஒரு நேரத்தில் நீங்கள் படிக்க நேரலாம். ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கலாம். போன பிள்ளையிடமிருந்து போன் வராமல் இருக்கலாம். வேலை போய், வாசலில் கடன்காரர் நிற்கலாம். நீங்கள் கும்பிடுவது திருவதிகையாக இருக்கலாம். வேளாங்கண்ணியாகவோ நாகூராகவோ இருக்கலாம். எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று அந்த நேரத்தில் உங்களை நீங்களே பரீட்சை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பரீட்சையில் யாரும் தேறுவதில்லை. பயத்தைப் பயமாகவே அவரிடம் சொல்லுங்கள். அப்பர் வலியில் தொடங்கினார். நீங்களும் வலியில் தொடங்கலாம். பிறகு விடிந்ததும் உங்கள் கைக்கு எட்டுகிற ஒரு சின்ன வேலையை எடுத்துச் செய்யுங்கள். அதை நாளைக்கும் செய்யுங்கள்.

பொழுது விடியத்தான் செய்கிறது. வாசலில் குப்பை கிடக்கத்தான் செய்கிறது. துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.